கேட்டு வாங்கின ஒரு சாண் சீலை

ஊசியும் கத்தரிக்கோலும் வச்சிருக்கற ஆம்பளைய எங்க தோட்டத்துல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. டெய்லருன்னா பரவால்ல, அது தொழிலு. நான் டெய்லரும் இல்ல. தலவாக்கலைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல, ஸ்டோருக்கு, அதான் தேயிலை பேக்டரிக்கு, கொழுந்து கொண்டு வர்ற சாக்கு கிழிஞ்சா ஒட்டுப் போடுற ஆளு. பகலெல்லாம் கோணூசியால சாக்கத் தைச்சுட்டு, வீட்டுக்கு வந்து மொகம் கழுவிட்டு, ஆசைக்குன்னு சின்ன ஊசிய எடுத்து மறுபடியும் தைக்க உக்காந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது? நாளெல்லாம் வண்டி இழுத்த மாடு, அவுத்து விட்டப்பறம் வெளையாட்டுக்கு இன்னொரு வண்டிய இழுத்துப் பாக்குமா?

நான் இழுத்தேன். ஒட்டுப் போர்வைதான் என் பைத்தியம்.

அது தொடங்கினது கம்பளியால. தோட்டத்துல குடுக்கற கம்பளி குளுருக்கு நல்லதுதான், ஆனா போத்திக்கிட்டுப் படுத்தா எறும்புப் புத்துல படுத்த மாதிரி ஒடம்பெல்லாம் கடிக்கும். அந்தக் கடி தாங்காம, என் பழைய வேட்டிய உள்பக்கமா வச்சுத் தைச்சேன். வேட்டி கிழிஞ்சுது. கிழிஞ்ச எடத்துல சட்டைத் துணிய வச்சேன். சட்டைத் துணிக்குப் பக்கத்துல கிழிஞ்சுது, அங்க சீலைத் துணி. ஒருநாள் வெயில்ல காயப் போட்டுட்டு எட்ட நின்னு பாத்தேன். அழகா இருக்கேன்னு தோணுச்சு. அன்னைக்கே என் புத்தி கெட்டுது.

அப்பறம் கிழியாததையும் வெட்ட ஆரம்பிச்சேன்.

மொதல்ல முழுசாத் தைச்ச போர்வை இன்னும் ஞாபகம் இருக்கு. தலைய மூடினா காலு தெரியும், கால மூடினா தலை தெரியும். ஒரு ஓரம் நாலு முழம், எதிர் ஓரம் மூணேகால். எங்க வீட்டுக்காரி அத விரிச்சுப் பாத்துட்டு, "தொரை ஆபீசுச் செவுத்துல தோட்டத்துப் படம் தொங்குதுல்ல, அது மாதிரி இருக்கு"ன்னா. கேலிக்குத்தான் சொன்னா. நான் அத அப்படியே புடிச்சுக்கிட்டேன். அடுத்த போர்வைய மலையப் பாத்தே தைச்சேன். செடிய ஒட்ட நறுக்கிக் கவ்வாத்து வெட்டின மலைக்குக் காப்பிக் கலரு. கொழுந்து தளுத்திருக்கற மலைக்கு எளம்பச்சை. நடுவுல வளைஞ்சு போற ரோட்டுக்கு என் வேட்டிக் கரை. மூணாம் நம்பர் மலையில ஒரு பாறை இருக்கும், அதுக்கு ஏத்த சாம்பக் கலரு கெடைக்காம ரெண்டு மாசம் அந்த எடத்த ஓட்டையாவே வச்சிருந்தேன். கடைசியில ஸ்டோருல கொடை ஒண்ணு ஒடைஞ்சுது. கொடைத் துணி கழுவக் கழுவ வெளுத்து அந்தப் பாறைக் கலருக்கே வந்துச்சு. அன்னைக்கு இருந்த சந்தோசம் எனக்குக் கல்யாணத்தன்னைக்குக் கூட இல்ல. இத வீட்டுக்காரிகிட்டயும் சொல்லிட்டேன். என் வாய் அப்படி.

இதனால ஊர்ல எம்மேல நம்பிக்கை கூடல. ஸ்டோரப் பாத்துக்கற டீ மேக்கரய்யா என் நூலப் பாத்தா, "ஏய், இது சாக்கு நூலா?"ம்பாரு. சாக்கு நூல வச்சுப் போர்வை தைச்சா அதப் போத்தறவன் மூட்டையாத்தான் கெடக்கணும்னு சொன்னேன். அவரு சிரிக்கல. நான் பீலிக்குக் குளிக்கப் போனா, பொம்பளைங்க கொடியில காயற துணிய எண்ணிப் பாத்துக்குவாங்க. எங்க வீட்டுக்காரி தன் நல்ல சீலை ரெண்டையும் ட்ரங்குப் பொட்டியில வச்சுப் பூட்டி, சாவிய இடுப்புல செருகிக்கிட்டா. தலவாக்கலையில எனக்கு வெட்டுத்துண்டு குடுக்கற டெய்லருக்கும் சந்தேகம், நான் வேற எங்கயோ ரகசியமாக் கடை போட்டிருக்கேனோன்னு. சுதந்திரம் கெடைச்சு ஏழெட்டு வருசம் ஆயிருந்த நேரம். இவனுக இந்த நாட்டுக்காரனுகளா அந்த நாட்டுக்காரனுகளான்னு கவருமெண்டே எங்க மேல சந்தேகப்பட்டு பாரத்துக்கு மேல பாரம் நிரப்பச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு நடுவுல டெய்லரோட சந்தேகம் எனக்குப் பெருசாப் படல.

அந்த வருசம் ஆனி மாசம் ஸ்டோருல எஞ்சின் பழுதாயிருச்சு. சாமான் கொழும்புல இருந்து வரப் பத்து நாளாகும்னாங்க. கொழுந்தெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போச்சு. சாக்கும் கூடவே போச்சு. எனக்கு லீவு.

"அக்கா வீட்டுக்குப் போயி நாலு நாள் இருந்துட்டு வருவோமா"ன்னு வீட்டுக்காரி கேட்டா.

அவ அக்கா, எனக்கு மதினி, வட்டவளையில ஒரு தோட்டத்துல வாக்கப்பட்டிருந்தாங்க. எனக்கு அப்பவே சந்தேகம். ஆனி மாசம் வட்டவளையில பேயற மழை வேற எங்கயும் பேயாது. அந்த மாசத்துல அங்க ஆசைப்பட்டுப் போறவன் ஒண்ணு தபால்காரனா இருக்கணும், இல்லாட்டி ரத்தம் குடிக்கற அட்டையா இருக்கணும். இவ எதுக்கு இவ்வளவு அவசரமாக் கெளம்பறா? கேட்டேன். "அக்காவப் பாக்கணும் போல இருக்கு"ன்னா. போன தீவாளிக்கு அதே அக்காவோட சண்டை போட்டுட்டு வந்தவ இவ.

கெளம்பறப்ப, பாதித் தைச்ச போர்வையச் சுருட்டிக் கயிறு கட்டி எடுத்துக்கிட்டேன். தோட்டத்து வாசல்ல வாச்சர் நிறுத்தினாரு. தேயிலைத் தூளு கடத்தறேன்னு நெனைச்சு போர்வைக்குள்ள குச்சிய விட்டுக் குத்திப் பாத்தாரு. ரெண்டு தடவை. ஒண்ணும் கெடைக்காததுல அவருக்குக் கொஞ்சம் வருத்தந்தான். ரயில்ல ஜன்னலோரம் உக்காந்து தைச்சுக்கிட்டே போனேன். அட்டனுக்கு முன்னால குகைக்குள்ள ரயிலு பூந்ததும் இருட்டுல ஊசி வெரல்ல ஏறிருச்சு. வெளிச்சம் வந்தப்ப நான் வெரலச் சூப்பிக்கிட்டு இருந்தேன். எதிர்ல இருந்த சிங்களப் பொம்பளை தன் பொட்டணத்த மடிக்கு இழுத்துக்கிச்சு.

வட்டவளையில எறங்கினா மழை. மதினி வீடு வரைக்கும் மழை. வீட்டுக்குள்ள தகரத்து மேல மழை.

வந்த நேரத்துல இருந்து அக்காளும் தங்கச்சியும் அடுப்படியில குசுகுசுன்னு பேசறாங்க. நான் உள்ள நொழைஞ்சா பேச்சு மாறிரும். "மழை விடாது போல"ம்பா ஒருத்தி. "ஆமாக்கா"ம்பா இன்னொருத்தி. மதினி புருசன், என் சகல, கவ்வாத்து வெட்டற ஆளு, நல்ல மனுசன். அவருகிட்டக் கேட்டா பீடியப் பத்த வச்சுக்கிட்டு கூரையப் பாக்கறாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தோணுச்சு. இவளுக என் போர்வைய யாருக்கோ தூக்கிக் குடுக்கப் போறாளுக. அத மடிச்சுத் தலைக்கு வச்சுத்தான் படுத்தேன்.

அவங்க மறைச்சது என்னான்னு எனக்குத்தான் தெரியாது. உங்களுக்கு இப்பவே சொல்லிர்றேன். மதினிக்கு ஒரே மக, பதினெட்டு வயசு, கொழுந்து எடுக்கறா. எதிர் லயத்து வரிசை வீட்டுல ஒரு பையன், சகலையோட கவ்வாத்து வெட்டறவன், வாயத் தொறந்து பேசாத பய. அவனத்தான் கட்டிக்குவேன்னு இவ மதினிகிட்ட சொல்லிட்டா. பையனுக்கு அப்பா இல்ல. அம்மா மட்டுந்தான், எல்லாம் அந்தம்மா சொல்றதுதான். அந்தம்மா ரொசெல்லைப் பக்கம் இன்னொரு புள்ளயையும் பாத்து வச்சிருந்துச்சு. ஞாயித்துக்கெழமை வந்து முடிவு சொல்றேன்னு சொல்லியிருந்துச்சு. புதன்கெழமை ஆடி பொறக்குது. ஆடியில கல்யாணப் பேச்சு பேச மாட்டாங்க. அதுக்குள்ள ரொசெல்லைக்காரங்க முந்திக்கிட்டாங்கன்னா எங்க புள்ள கதை முடிஞ்சுது. தொணைக்குன்னுதான் தங்கச்சிய வரச் சொல்லியிருக்காங்க. என்னைய வரச் சொல்லல, நான் கூடவே ஒட்டிக்கிட்டு வந்தவன். எங்கிட்டச் சொல்லாததுக்குக் காரணம் என் வாய். அது ஞாயமான காரணந்தான்னு அப்பறம் ஒத்துக்கிட்டேன்.

சனிக்கெழமை காலையில மழை கொஞ்சம் விட்டுச்சு. மதினியும் மகளும் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிட்டாங்க. நான் இஸ்தோப்புல, முன் திண்ணையில, போர்வைய விரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சாயங்கால வானம் ஒண்ணு தைச்சுக்கிட்டு இருந்தேன், மலைக்கு மேல. அதுக்குக் கத்திரிப்பூக் கலருல ரெண்டு துண்டு எங்க வீட்டுக்காரி பழைய சீலையில இருந்து எடுத்து வச்சாச்சு. இன்னும் ஒரு சாண் இருந்தா வானம் முடிஞ்சிரும். தலையத் தூக்கிப் பாக்கறேன், எதிர் லயத்துத் தாவாரத்துல ஒரு பொம்பளை அதே கத்திரிப்பூ சீலையக் கரித்துணிக்குக் கிழிச்சுக்கிட்டு இருக்கு. கால்ல சேத்துப் புண்ணு, வேலைக்குப் போகல போல. ஏதோ ஒரு வருசத் தீவாளிக்கு அட்டன் கடைக்கும் தலவாக்கலைக் கடைக்கும் ஒரே கத்திரிப்பூதான் வந்திருக்கணும். எனக்கு அது தெய்வமே எறங்கி வந்த மாதிரி இருந்துச்சு.

எந்திரிச்சுப் போனேன். கையில கத்தரிக்கோலு.

"அக்கா, கரித்துணிக்குத்தான கிழிக்கறீங்க, எனக்கு ஒரு சாண் குடுங்களேன்."

அந்தம்மா என்னையப் பாத்துச்சு, கத்தரிக்கோலப் பாத்துச்சு. "எதுக்குண்ணே?"

"தைக்கத்தான்."

"உடுத்தின சீலையா?"

"உடுத்தினதுதான் வேணும். புதுசுல இந்தக் கலரு வராது."

இதோட நிறுத்தியிருக்கணும். அந்தம்மா யோசிக்கறதப் பாத்து, சிரிக்க வைப்போம்னு நான் சொன்னேன்: "பயப்படாதீங்க அக்கா, எனக்கு மந்திரமெல்லாம் தெரியாது. தெரிஞ்சிருந்தா மொதல்ல எங்க வீட்டுக்காரி வாயக் கட்டியிருப்பேன்."

அந்தம்மா சிரிக்கல. ஒரு சாண் கிழிச்சுக் குடுத்துச்சு. நான் திரும்பி நடக்கறப்ப முதுகுல அந்தப் பார்வை இருந்துச்சு. பகலுக்குள்ள அந்தத் துண்ட வச்சுத் தைச்சு முடிச்சுட்டேன்.

பகல் கொழுந்த எடை போட்டுட்டு மதினி மக சாப்பிட வந்தா. போர்வையப் பாத்துக்கிட்டே நின்னா.

"சித்தப்பா, இதுல யாரு துணி வேணும்னாலும் வைக்கலாமா?"

"கலரு ஒத்து வந்தா வைக்கலாம்."

தலையில இருந்து ஒரு துணிய எடுத்தா. கூடைக் கயிறு தலைய அறுக்காம இருக்க, எடுக்கற புள்ளைங்க மடிச்சு வைப்பாங்கல்ல, அந்தத் துணி. ஊதாக் கோடு போட்டது, நல்லாத் தேஞ்சு மெதுவா இருந்துச்சு. ஆம்பளைச் சட்டைத் துணி. சகல சட்டைன்னு நெனைச்சுக்கிட்டேன்.

"பாதிய வெட்டிக்கிங்க. ஒரு மூலையில வச்சாப் போதும். அம்மாகிட்டச் சொல்ல வேணாம்."

"ஏன், அப்பா சட்டைய நீ திருடினியா?"

அவ சோத்துத் தட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டா. எனக்கு அங்கயே சந்தேகம் வந்திருக்கணும். கலரு நல்லா இருந்ததால வரல. மலைக்குக் கீழ, ஓரத்துல, ஆத்துத் தண்ணி மாதிரி வச்சுத் தைச்சேன்.

ஞாயித்துக்கெழமை காலையில மதினி வீட்டக் கூட்டி, வாசல்ல சாணி தெளிச்சு, என்னையும் சேத்துத் தள்ளிக் கூட்டிட்டாங்க. எங்க வீட்டுக்காரி ட்ரங்குப் பொட்டிச் சீலைய உடுத்தியிருந்தா. "இன்னைக்கு என்னா விசேசம்"னு கேட்டேன். "நீங்க இன்னைக்கு வாயத் தொறக்காம இருந்தா அதுதான் விசேசம்"னா.

எதிர் லயத்தம்மா வந்துச்சு. வெத்தலைத் தட்டு இல்லாம வந்துச்சு. வாசலுக்கு வெளிய, தூத்தல்லயே நின்னுச்சு.

மதினி ஓடிப்போயி, "வாங்க, நனையறீங்களே, உள்ள வாங்க"ன்னாங்க.

"உள்ள வரல. உங்க தங்கச்சி புருசன் எங்க?"

நான் இஸ்தோப்புல இருந்து எந்திரிச்சேன்.

"அண்ணே, நேத்துக் குடுத்த துணியத் திருப்பிக் குடுங்க."

"என்னாக்கா, கரித்துணி பத்தலையா?"

இதுவும் தேவையில்லாத பேச்சுத்தான்.

"சிரிக்காதீங்க. காலையில நீங்க நான் உடுத்தின சீலைய வாங்குனீங்க. சாயந்தரம் எம்மகன் சோத்துத் தட்டத் தள்ளி வச்சுட்டு, கட்டுனா இந்த வீட்டுப் புள்ளயத்தான் கட்டுவேங்கறான். இருவத்தி நாலு வருசமா கொழம்புல உப்பு இல்லைன்னு கூட வாயத் தொறந்து சொல்லாத பய. ஒரே நாள்ல அவனுக்கு எங்க இருந்து வந்துச்சு பேச்சு?"

அப்பத்தான் எனக்கு எல்லாம் ஒண்ணாப் புரிஞ்சுது. குசுகுசு, கூரையப் பாத்த சகல, ட்ரங்குப் பொட்டிச் சீலை. நான் யாருகிட்டப் போயி யாரு சீலைய வாங்கியிருக்கேன்னும் புரிஞ்சுது. மதினி என்னையப் பாத்த பார்வையில நான் அந்த எடத்துலயே சாக்கா மடிஞ்சு விழுந்திருக்கணும்.

"அக்கா, சத்தியமா எனக்கு மந்திரம் தெரியாது. நேத்தே சொன்னேன்ல?"

"அதத்தான் ராவெல்லாம் யோசிச்சேன். மந்திரம்னு நான் கேக்கவே இல்லையே. கேக்காததுக்கு நீங்க எதுக்குப் பதில் சொன்னீங்க?"

நான் சகலையப் பாத்தேன். அவரு கூரையப் பாத்தாரு.

"ஒரு சாண் துணிய வச்சு புள்ளயக் கட்டப் பாத்தா அது நல்ல எடமா?"ன்னு அந்தம்மா மதினியக் கேட்டுச்சு. "ரொசெல்லைக்காரங்க வாசல்லயே நிக்கறாங்க. நான் உங்களுக்காகத்தான் பொறுத்துக்கிட்டு இருந்தேன்."

மதினி சீலைத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டாங்க. உள்ள மக நிக்கறது தெரிஞ்சுது, கதவு மறைவுல.

எங்க வீட்டுக்காரி என்னையப் பாத்து மெல்லமா, "சாக்குத் தைக்கற ஊசி இங்க இல்லாமப் போச்சே, இந்த வாயத் தைச்சிருப்பேன்"னா. அப்பறம் சத்தமா, "பிரிச்சுக் குடுங்க, அவங்க முன்னாலயே பிரிங்க"ன்னா.

போர்வைய இஸ்தோப்புல விரிச்சேன். அந்தம்மா தூத்தல விட்டு ஒரு படி ஏறி வந்து பாத்துச்சு. வானத்துல மூணு கத்திரிப்பூத் துண்டு.

"இதுல எது என்னது?"

"இதுதான் அக்கா, நூலு புதுசா இருக்கு பாருங்க."

"நீங்க காட்டறத நான் எப்படி நம்பறது? உண்மையானத வச்சுக்கிட்டு வேற ஒண்ணக் குடுத்தா எனக்குத் தெரியவா போவுது? மூணையும் பிரிங்க."

எங்க வீட்டுக்காரிக்கு அது புடிக்கல. "அதெப்படி? ரெண்டு துண்டு என் சீலை. நான் உடுத்தினது. அத இந்தக்கா வீட்டுக்குக் கொண்டு போனா, என் துணி யாரு கைக்குப் போவுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஏன், நான் என்னா பண்ணிருவேன்னு பயப்படறீங்க?"

"நீங்க என்னா பயந்தீங்களோ அதத்தான்."

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கண்ணு வாங்காமப் பாத்தாங்க. நான் பிரிச்சுக்கிட்டே இருந்தேன். தைக்கறப்ப இருந்த கை வேற, பிரிக்கறப்ப இருந்த கை வேற. என் தையல் இவ்வளவு கெட்டின்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, ஒரு நூலும் வர மாட்டேங்குது. கடைசியில சகலதான் பீடிய எறிஞ்சுட்டு, "மூணையும் எங்க அடுப்புலயே போட்டு எரிச்சுருங்க. ரெண்டு பேரும் நின்னு பாருங்க"ன்னாரு. ரெண்டு நாள்ல அவரு பேசின மொதப் பேச்சு அதுதான்.

அது ரெண்டு பேருக்கும் சரின்னு பட்டுச்சு. அந்தம்மா மூணு துண்டையும் கையில எடுத்துக்கிட்டு, வேற ஏதும் தன்னுது இருக்கான்னு போர்வையப் பெரட்டிப் பாத்துச்சு. ஒரு எடத்துல கை நின்னுருச்சு.

ஓரத்துல ஊதாக் கோடு.

குனிஞ்சு, அந்தத் துண்டுல ஒரு சின்னக் கிழிசலுக்குப் போட்டிருந்த வெள்ளைத் தையல வெரலால தடவுச்சு. "இது நான் போட்ட தையலு"ன்னுச்சு. "இது எம்மகன் சட்டை."

மதினி செவுத்தோட சாஞ்சிட்டாங்க. எனக்கு அந்த மூலைய எங்க இருந்து வாங்கினேன்னு நல்லாத் தெரியும். சொல்லக் கூடாதுன்னும் தெரியும். வாழ்க்கையில ஒரு தடவையாவது வாய அடக்குவோம்னு முடிவு பண்ணி, அடக்காம, "அது வழியில கெடந்துச்சு"ன்னேன்.

"எந்த வழியில?"

"ஒத்தையடிப் பாதையில."

"எம்மகன் பாதையில சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வெறும் ஒடம்போட போனானா?"

"மழையில நனைஞ்சிருக்கும், அதனால..."

"சித்தப்பா, விடுங்க." மக வெளிய வந்துட்டா. மொகம் வெளிறிப் போயிருந்துச்சு, ஆனா குரலு நேரா இருந்துச்சு. "சித்தப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தான் குடுத்தேன். எனக்கு உங்க மகன் குடுத்தாரு."

"எப்ப?"

"தை மாசம். கொழுந்து அதிகமா இருந்துச்சு, கூடைக் கயிறு அறுத்துத் தலை புண்ணாயிருச்சு. இத மடிச்சு வச்சுக்கோன்னு குடுத்தாரு. வேற ஒண்ணும் பேசல. அவருதான் பேச மாட்டாரே."

தலைய முன்னால குனிச்சு, வகிட்ட வெலக்கிக் காட்டினா. கயிறு போன எடத்துல முடி கொறைச்சலா, பழைய தழும்பு ஒண்ணு இருந்துச்சு. அந்தம்மாவும் கொழுந்து எடுக்கற பொம்பளைதான். அதுக்கு மேல அவ ஒண்ணும் வெளக்க வேண்டியிருக்கல.

அந்தம்மா வெரல மடிச்சு எண்ணுச்சு. தை, மாசி, பங்குனி. ஆனிக்கு வந்து நிறுத்துச்சு.

"அப்ப நேத்து வந்ததில்ல இது."

"இல்ல."

"சட்டைய எலி கடிச்சிருச்சுன்னான்"னு அந்தம்மா யாரையும் பாக்காமச் சொல்லுச்சு. "நான் எலிப்பொறி வாங்கி வச்சேன். தெனமும் தேங்காச் சில்லு வச்சேன். ஆறு மாசமா அவன் அந்தப் பொறியத் தாண்டித் தாண்டிப் போயிட்டு வந்திருக்கான், ஒரு வார்த்தை சொல்லல."

இந்த எடத்துல எனக்குச் சிரிப்பு வந்துச்சு. வீட்டுக்காரி என் கால மிதிச்சா. நல்லா மிதிச்சா.

அந்தச் சட்டைத் துண்டையும் பிரிக்கச் சொல்லும்னு நெனைச்சு கத்தரிக்கோல எடுத்தேன். அந்தம்மா என் கையத் தள்ளிட்டு, தானே நூலப் பல்லால கடிச்சுப் பிரிச்சுச்சு. மடிச்சு இடுப்புல செருகிக்கிச்சு. கத்திரிப்பூத் துண்டு மூணையும் விடல. அத எரிச்சே ஆகணும்னுச்சு. சந்தேகம் பாதிதான் போயிருந்துச்சு போல.

எரிக்கறதப் பாக்கணும்னா உள்ள வரணும். அந்தம்மா வாசப்படியில கால் சேத்தத் தேச்சுது. அப்பறம் தலையக் குனிஞ்சு அந்தக் காம்பரா வீட்டுக்குள்ள வந்துச்சு. பின்னால எங்க வீட்டுக்காரி, பின்னால மதினி, மக, சகல, கடைசியா நான். ஆறு பேரு அந்தச் சின்ன அடுப்படியில ஒரு சாண் துணிக்கு எழவு காக்கற மாதிரி சுத்தி நின்னோம். துணி ஈரம், எரிய மாட்டேங்குது, பொகையுது. எல்லாருக்கும் கண்ணுல தண்ணி. யாருக்கு எதுக்காக வந்துச்சுன்னு சொல்ல முடியாது.

துணி கருகி முடிஞ்சப்பறமும் அந்தம்மா கெளம்பல. அடுப்பப் பாத்துக்கிட்டே, "ரொசெல்லைக்காரிக்கு என்னா பதில் சொல்றதுன்னு பாக்கணும்"னுச்சு.

மதினிக்குக் கேட்டுச்சு. ஆனா நம்பல. கொழும்பு லாட்டரிச் சீட்டப் பாக்கற மாதிரி அந்தம்மா மொகத்தையே பாத்தாங்க.

"இந்த வீட்டு ஆளுங்கள எதிர்ல வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்குத் தூக்கம் வராது"ன்னு அந்தம்மா சொல்லுச்சு. "உள்ள வச்சுக்கிட்டாத்தான் என்னா பண்றாங்கன்னு கண்ணுல தெரியும்." இதச் சொல்றப்ப என்னையத்தான் பாத்துச்சு.

மக தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வந்தா. எல்லாருக்கும் டம்ளரு. அந்தம்மாவுக்கு மொதல்ல.

எங்க சனத்துல, முடிவாகாத வரைக்கும் மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க பொண்ணு வீட்டுல பச்சைத் தண்ணி கூடக் குடிக்க மாட்டாங்க. வாயில பட்டுச்சுன்னா சரின்னு அர்த்தம். மதினிக்கு அது தெரியும், சகலைக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மூணு பேரும் அந்த டம்ளரையே பாக்கறோம். அந்தம்மா டம்ளர வாங்குச்சு. மூக்குக்குக் கிட்டக் கொண்டு போயி மோந்து பாத்துச்சு. அப்பறம் கைய நீட்டி என் டம்ளர வாங்கிக்கிட்டு, தன் டம்ளர எங்கிட்டக் குடுத்துச்சு.

"அண்ணே, நீங்க குடிங்க மொதல்ல."

குடிச்சேன். நாக்கு வெந்துச்சு. ஒரு சொட்டு விடாமக் குடிச்சு, டம்ளரக் கவுத்துக் காட்டினேன். அந்தம்மா என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு, எனக்கு ஏதாவது ஆவுதான்னு. ஒண்ணும் ஆவல. என்னமோ சொல்ல வாயத் தொறந்தேன், வீட்டுக்காரி கால் மறுபடியும் என் கால் மேல இருந்துச்சு, மூடிக்கிட்டேன்.

அந்தம்மா ஒரு மடக்குக் குடிச்சுது.

"சாயம் பத்தல"ன்னுச்சு.

"நாளைக்குத் தூளு கூட்டிப் போடறேன், அத்தை"ன்னு மக சொன்னா.

அந்தம்மா மிச்சத்தையும் குடிச்சுட்டு, டம்ளர அவ கையிலயே குடுத்துச்சு.